சுவருக்குச் சொன்னது

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் ஒற்றைக்கல் சுவர். அங்கே குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் நான் இங்கே என் அடுப்பை அணைத்துவிடுவேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அரைவேக்காட்டுச் சோறுதான். என் வீட்டுக்காரர் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறு' என்று வாழ்த்து வரும்.

நான் பிறந்தது பூந்தமல்லி பக்கத்தில், நெல்லும் கீரையும் போட்ட வீட்டில். வரப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எனக்கு. எண்பதுகளில் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் மாமியார் சேலத்துக்காரர். வந்த வாரமே, "மெதுவாப் பேசும்மா, நாலு வீட்டுக்குக் கேக்குது" என்றார். பேச்சையும் திருத்திக்கொண்டேன், தொண்டையையும் அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. குவார்ட்டர்ஸில் இரண்டு விதப் பேச்சு உண்டு. நிஜத்தைக் குசுகுசுவென்று சொல்வார்கள். அடுத்தவர் கேட்கட்டும் என்று சொல்வதைச் சுவர்ப்பக்கம் பார்த்து உரக்கச் சொல்வார்கள். "எங்க அத்தை வைக்கிற குழம்பு யாருக்கு வரும்!" என்று நான் சத்தமாகச் சொன்னால் அது சுவருக்கு. "உப்பை அள்ளிக் கொட்டிட்டாங்க" என்பது குசுகுசு. இது அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி. ஆண்களுக்குத் தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

கல்யாணமான இரண்டாம் வருஷம், அவருக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஃபேக்டரிக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு, மூன்று வருஷத்துக்கு. செய்தியைச் சொன்னவர் என்னை அழைத்துப் போகிறாரா, அம்மாவோடு விட்டுவிட்டுப் போகிறாரா என்று மட்டும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் இவரோடுதான் வேலை பார்த்தார். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அக்கா என் காதருகே வந்து, "அங்க குடும்பத்துக்கு வீடு வேணுமா, தனியாளுக்கு ஹாஸ்டல் போதுமான்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. உங்க ஊட்டுக்காரரு ஹாஸ்டல் போதும்னு சொல்லப் போறாராம்" என்றாள். குசுகுசுவென்றுதான் சொன்னாள். அதனால் அது நிஜம்.

அவரிடம் கேட்டுவிடலாம் என்றால் எங்கே வைத்துக் கேட்பது? ஹாலில் அத்தை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. இவரோ சும்மாவே பேசாத மனுஷர்.

அந்தச் சமயத்தில்தான் திடீரென்று, "எல்.டி.சி. மிச்சம் இருக்கு, ஆபீஸ் செலவுல விசாகப்பட்டினம் போய்ட்டு வரலாம்" என்றார். அத்தையையும் கூப்பிட்டோம். "முட்டி வலியோட எனக்கு எதுக்குக் கடலு? நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் அவர் ஆபீஸில் பதில் சொல்லியாக வேண்டும். பலி ஆட்டுக்கு மாலை போடுகிறார் என்று நினைத்துக்கொண்டே புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ரயிலில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் காபி வாங்கிக் கொடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. காலையில் விசாகப்பட்டினத்தில் இறங்கி, பக்கத்திலிருந்த சிம்மாசலம் மலைக்குப் போனோம். அங்கே சாமி முழுக்கச் சந்தனக் காப்பில் இருந்தார். உள்ளே இருக்கும் உருவம் வருஷத்துக்கு ஒரு நாள்தான் தெரியுமாம். என் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். இவருக்கு அந்த ஒரு நாளும் கிடையாது. சாமி, இந்த ஆள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டிவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்கு வந்தோம். தூரத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மலை. அதைத் தாண்டி ஒவ்வொன்றாகக் கப்பல் போயிற்று. பாறையில் உட்கார்ந்தோம். மல்லிகைப்பூ வாங்கித் தந்தார். அப்புறம், "நல்லாப் பாத்துக்கோ. அடுத்து எப்ப வர முடியுமோ" என்றார்.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னை விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். பழக்கதோஷம், குசுகுசுவென்றுதான் கேட்டேன். அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். மறுபடி கேட்டேன். "கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார்.

சத்தமாகவா? இரண்டு வருஷமாக என்னிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லாம் தெலுங்கு ஜனம். எழுந்து நின்றேன். திருத்தி வைத்திருந்த பேச்செல்லாம் காற்றோடு போயிற்று.

"யோவ்! இன்னாய்யா நெனச்சிகினு கீற நீ? என்னை அம்போன்னு உட்டுட்டு மூணு வருசம் போயிடுவ, நான் அந்த ஒத்தக்கல் சொவுத்த பாத்துகினு குந்திகினு இருக்கணுமா? பூ வாங்கிக் குடுத்தா ஆச்சா? உன் பொண்டாட்டி நானா, இல்ல உங்கம்மாவுக்கு நீ வச்ச வேலக்காரியா? வாயத் தொறந்து சொல்லுய்யா!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவரும் எழுந்துவிட்டார். அந்த மனுஷர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீதானே சொன்ன! அவர் போய்ட்டு வரட்டும், நான் அத்தையோட இங்கயே நிம்மதியா இருப்பேன்னு! என் காதால கேட்டேன். ஜுரம்னு பாதி ஷிப்டுல வந்து படுத்திருந்தேன். நீ பக்கத்து வீட்ல உக்காந்து சொன்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன! நிம்மதியா இருக்கறவளை அந்த வெயில் ஊருக்கு எதுக்கு இழுத்துட்டுப் போகணும்னுதான் ஹாஸ்டல் போதும்னு நினைச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. அக்கா வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டில் அத்தை இருப்பது தெரிந்து, அவர் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னது. இவர் வந்து படுத்திருப்பதை நான் எங்கே கண்டேன்!

"ஐயோ, அது சொவுத்துக்குச் சொன்னதுய்யா!" என்று கத்தினேன்.

"சுவத்துக்கா?"

"உங்கம்மா கேக்கணும்னு சொன்னது. நெசமா இருந்தா அவ்ளோ சத்தமாவா சொல்லுவாங்க?"

அவர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காதீங்க. காதுல வுயுந்துச்சி, அதான் சொல்றேன். சொவுத்துக்குச் சொன்னதப் போயி நம்பிகினு கீறீங்களே! எங்கூட்டுல டெய்லி இதான் நடக்குது. அக்காவ இட்டுகினு போங்க."

லுங்கியும் தோளில் துண்டுமாக ஒரு லாரி டிரைவர், சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு நின்றார். எந்த ஊர் என்று இவர் கேட்டதற்கு, "குமணன்சாவடி" என்றார். என் அப்பா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்! எனக்கு மானமே போயிற்று. நல்லவேளை, அவர் லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா போகிறவர். "வரேன் அக்கா, இதே மாதிரி கத்திகினே இருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் இவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என்னோட வர்றியா?" என்று கேட்டார். "வரேன்" என்று கத்தினேன். எத்தனை நாளாக மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இருவரும் பொரி மசாலா வாங்கிக் காரம் தாங்காமல் தின்றோம். அதன் பிறகுதான் நான் அந்தக் கடலை ஒழுங்காகப் பார்த்தேன். திரும்பி வரும் ரயிலில், எதிரே இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் தேடிப் போகிற அளவுக்குப் பேசினோம்.

விடிகாலையில் ஆவடி வந்து சேர்ந்தோம். அவர் குளிக்கப் போனார். நான் சுவர்ப்பக்கம் நின்று, "அத்தே, நானும் அவர்கூடப் போறேன்!" என்று உரக்கச் சொன்னேன்.

"ஏம்மா கத்துற? பக்கத்து வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, அந்தப் பக்கம் யாரும் இல்ல" என்றார் அத்தை. காபியை ஆற்றிக்கொண்டே, "போய்ட்டு வா. நீ அன்னிக்கு என்னோட நிம்மதியா இருப்பேன்னு சொன்னியே, அது சுவத்துக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். இந்த மடையன்தான் நம்பிட்டான்" என்றார்.

"தெரியுமா? அப்போ அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தே!"

அத்தை டம்ளரை என் கையில் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, "அது நிஜமா இருந்துடக் கூடாதான்னு எனக்கும் ஒரு ஆசைதான்" என்றார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

காபி ஆறும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். ஃபேக்டரிச் சங்கு ஊதியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை வாசலில் நிறுத்தி, "மூணு பேருக்குப் போதற மாதிரி வீடு கேளுங்க" என்றேன். குசுகுசுவென்றுதான் சொன்னேன்.