சேற்றுச் சைக்கிளும் கோடிச் சேலையும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வாடகை பிளசர் கார் ஓட்டிய துரைக்கண்ணுவைக் கிறுக்கன் என்றுதான் ஊரில் சொன்னார்கள். கழனியிலிருந்து வருகிறவன் சைக்கிளை டிக்கியில் ஏற்று என்றால் லேசில் ஏற்றமாட்டான். சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் வழிப்பான். கோணி விரித்து, அதன்மேல் தார்ப்பாய் போட்டு, பெடலுக்குத் துணி சுற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்துக் கயிறு கட்டுவான். "இன்னாய்யா, பொண்ணைப் பல்லக்குல ஏத்தற மாதிரி ஏத்தறியே" என்று யாராவது சீண்டினால் முறைப்பான். சீண்டுகிறவனுக்கு என்ன தெரியும் அவன் பட்டது?

பட்டது அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில். அப்போது அவன் ரைஸ்மில் முதலாளி விநாயகத்திடம் டிரைவர். அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த தங்கை ரஞ்சிதத்தின் புருஷன் இறந்துபோனான். கருமாதியன்று தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை போகவேண்டும். கோடி என்பார்கள். தாய் தகப்பன் இல்லாத ரஞ்சிதத்துக்குப் பிறந்த வீடு என்றால் துரைக்கண்ணு ஒருவன்தான். கடையைப் புரட்டிப் பார்த்து ஒரு சேலை எடுத்து, தாளில் சுற்றி டிக்கியில் வைத்தான். முதலாளிக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் வண்டி கிடைத்தது. பெரிய மனசு என்று நினைத்தான், ஏமாளி.

வழியில் விநாயகத்தின் கழனி. மழையில் கிடந்த சைக்கிளை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"உள்ள கோடி இருக்குதுங்க. எதனா விரிச்சுட்டு வெக்கிறேன்."

"யார் வண்டிடா இது? ஈரம் பட்டா காஞ்சிடும், போடு."

அதற்குள் கழனி ஆட்கள் சைக்கிளைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டார்கள். துரைக்கண்ணு போய் ஸ்டீரிங்கைப் பிடித்தான். விநாயகம் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். முன்சீட்டில் அவருடைய வெற்றிலைப்பெட்டி மட்டும் குலுங்கிக்கொண்டு வந்தது.

கருமாதி வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரே சேறும் செயின் மசியும். "சேத்துல பொரட்டுன கோடி எங்க பொண்ணு மேல படக்கூடாது" என்று புருஷன் வீட்டார் தூக்கிப் போட்டார்கள். வேறு யாரோ கொடுத்த சேலைதான் ரஞ்சிதத்தின் தோளில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவளுக்குப் பெயரே 'பொறந்த வூடு இல்லாதவ'. அண்ணனிடம் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

துரைக்கண்ணு வேலையை உதறினான். மில்லைக் கொளுத்தலாமா என்றுகூட யோசித்தான். வேறொருவரின் பிளசரை ஓட்ட ஆரம்பித்தபிறகு, டிக்கியில் கோணி விரிக்கும்போதெல்லாம் "இருடா, உனக்கு இருக்குது" என்று முணுமுணுப்பான். அந்த ஆளைத் தலைகுனிய வைத்தால் தங்கை திரும்பப் பேசுவாள் என்று நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் சோறே இறங்கியது.

அறுபத்தேழில் அடைமழை. பஸ் ஓடவில்லை. தளவானூர் ரோட்டில் செயின் அறுந்த சைக்கிளோடு ஒரு ஆள் நின்று கையைக் காட்டினார். முழங்கால்வரை சேறு. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பொட்டலம். விநாயகம்!

"நல்லவேளை வந்த, தொரைக்கண்ணு. நம்ம கார் ஒர்க்ஷாப்புல கெடக்குது. மச்சானுக்கு இன்னிக்குக் கருமாதி. தங்கச்சிக்குக் கோடி கொண்டு போறேன்பா."

துரைக்கண்ணுவுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தப் பொட்டலத்தை டிக்கியில் போட்டு அதன்மேல் சைக்கிளை எறியக் கை பரபரத்தது. ஆனால் அதைக் கட்டப்போகிறவள் விநாயகம் இல்லையே. பொட்டலத்தை வாங்கி முன்சீட்டில், தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சைக்கிளை வெக்க டிக்கியில விரிக்கணும் மொதலாளி. எங்கிட்ட ஒன்னுமில்ல." தார்ப்பாய் அவன் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. "ஒங்க ஜிப்பாவும் துண்டும் குடுங்க."

"சைக்கிள் இங்கியே கெடக்கட்டும்பா."

"சைக்கிளோட நின்னீங்க, சைக்கிளோடதான் ஏத்துவேன். இல்லன்னா நடங்க."

விநாயகம் வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ஜிப்பாவைக் கழற்றினார். துரைக்கண்ணு அதை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து, துண்டை மேலே போட்டு, சைக்கிளைச் செயின் பக்கம் கீழே இருக்கும்படி அழுத்தி வைத்தான்.

தளவானூரில் சாதிசனம் அத்தனையும் கூடியிருந்த வாசலில் மில் முதலாளி வெற்று மார்போடு இறங்கினார். ஜிப்பாவைக் கேட்டார். கறுப்பும் செம்மண்ணுமாகச் சொட்டியதைத் துரைக்கண்ணு எல்லோரும் பார்க்கத் தூக்கிக் கொடுத்தான்.

"ஈரம் பட்டா காஞ்சிடும் மொதலாளி."

ஒப்பாரி வைத்தவர்களே முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். விநாயகம் தலை நிமிரவில்லை. துரைக்கண்ணு கண்ணாரப் பார்த்துவிட்டு வண்டியை நேராக அவலூர்பேட்டைக்கு விட்டான்.

ரஞ்சிதம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே குந்தி ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கை நின்றது.

"அந்தாளு தங்கச்சி கோடி இன்னா ஆச்சு?"

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் தங்கையின் குரல்.

"ஒரு பொட்டு சேறு படல ரஞ்சிதம். முன்சீட்டுல வெச்சு நானே கொண்டாந்தேன்."

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள்.

"அன்னிக்கும் அந்தச் சீட்டு இருந்துதே, அண்ணே" என்றாள். பிறகு அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.