வெஸ்ட்மின்ஸ்டருக்கு எதிர்க்கரை: அக்காவோடு ஒரு நாள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே ஒருநாளும் நின்றதில்லை. கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரரை எல்லாம் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷனில் ரயிலேற்றி, "நேரே போங்கோ, பெரிசா நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று பகிடி விடுவேன். போன ஐப்பசியில் பாரிசிலிருந்து அக்கா வந்தபோது அந்தப் பகிடி எடுபடவில்லை.

அக்கா லண்டனுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் பாரிசுக்குப் போவோம். "என்னை வேண்டாமெண்ட நாட்டுக்கு நான் வரமாட்டன்" என்பது அவரது வைராக்கியம். ஹோட்டல் துப்புரவு வேலையிலிருந்து இந்த வருடம் பென்ஷன் எடுத்தார். வைராக்கியமும் கூடவே பென்ஷன் எடுத்துவிட்டது என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் திவசத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலம். ஐரோப்பிய நாடுகள் ஒன்றுக்கொன்று எல்லைக் கதவைத் திறந்துவிட்டு, காசையும் ஒரே காசாக்கிக்கொண்டிருந்தன. இங்கிலாந்து இரண்டிலும் சேரவில்லை. அக்காவிடம் இருந்தது பிரான்ஸ் கொடுத்த அகதிப் பயணப் புத்தகம். அதை வைத்து ஜெர்மனிக்குப் போகலாம், இத்தாலிக்குப் போகலாம். லண்டனுக்கு விசா வேண்டும். அப்பா இங்கே இருதய வருத்தத்தோடு படுத்திருந்தார். அக்கா விசாவுக்குப் போட்டார். அது வந்தபோது செத்தவீடு முடிந்திருந்தது. வந்த விசாவை அவர் பாவிக்கவில்லை.

காலை பத்தரைக்கு வெளிக்கிட்டோம். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து எலிசபெத் லைனில் இரண்டாவது நிறுத்தம் ஸ்ட்ராட்ஃபோர்ட். அங்கே ஜூபிலி லைனுக்கு மாறினால் அரை மணிக்குள் வெஸ்ட்மின்ஸ்டர். பாங்க் கார்டைத் தட்டினால் போதும், நெரிசல் நேரம் தவிர்த்தால் மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. முதலில் விம்பிள்டன் பிள்ளையாரைக் கும்பிடுவோமா என்று கேட்டுப் பார்த்தேன். "கோயில் பிறகு" என்றார் அக்கா.

ஸ்டேஷன் படியேறி வெளியே வந்தால் கோபுரம் தலைக்கு மேலே நிற்கிறது. அக்கா பாராளுமன்றத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்குள்ளதானோ முடிவெடுத்தவை?"

"எதை?"

"எங்களை விடுறேல்லை எண்டு."

"உங்கட பேரைச் சொல்லிச் சொல்லேல்லை அக்கா. பொதுவாச் சொன்னவை."

"நீ ஒருநாளும் திருந்தமாட்டாய்" என்றபடி பாலத்தில் ஏறிவிட்டார்.

பாலத்தைக் கடந்து வலப்பக்கப் படியால் இறங்கினால் ஆற்றோரம் ஒரு நீண்ட மதில். கொரோனாவில் போனவர்களுக்காக அது முழுக்கச் சிவப்பு இதயங்கள் வரைந்திருக்கிறார்கள். அவசரப்படாமல் நடக்க வேண்டிய இடம். மதிலுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி, முன்னால் ஆறு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் பாராளுமன்றம். அப்பா கடைசியாகப் படுத்திருந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். அவருடைய யன்னலால் அந்தக் கோபுரம் தெரியும். நான் ஏன் இவ்வளவு காலம் இந்தப் பக்கம் வரவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

அப்போது வார்ட் தொலைக்காட்சியில் நெடுக ஐரோப்பாக் கதைதான். சேருவதா, விடுவதா, பவுண்டா, புதுக் காசா. இங்கிலீஷ் அரைகுறையாக விளங்கிய அப்பா சொல்வார்: "இங்கிலாந்துக்காரன் ஒத்தைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில நிக்கிறான். உள்ள வாறானோ, வெளிய போறானோ தெரியேல்லை."

ஆற்றைப் பார்த்த மர வாங்கு ஒன்றில் அமர்ந்தோம். அக்கா, டெலிபோனில் எத்தனையோ தடவை கேட்டதை அங்கே திரும்பக் கேட்டார்.

"அப்பா என்னைக் கேட்டவரோ? கோவமாப் போனவரோ? பகிடி விடாமல் சொல்லு."

சொன்னேன். பாரிஸ் ரயில் அந்தக் காலத்தில் வாட்டர்லூவுக்குத்தான் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடை. யாரோ அதை அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். பின்னேரமானால் பிடிவாதம். "நீ போய் நில் மோனை. அவளுக்குப் பாஷை தெரியாது, மாறிப் போயிடுவாள்." விசா இல்லை என்றாலும் கேட்கமாட்டார். நான் போய் வாசலில் நிற்பேன். கடைசி ஆள் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டு வந்து, "இண்டைக்கு இல்லை அப்பா" என்பேன். "நாளைக்கு வருவாள்" என்பார். ஒரு பின்னேரம் நான் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீயும் பக்கத்தில இல்லை."

"இல்லை. ஸ்டேஷனில நிண்டனான்."

"எனக்காக."

"ஓம்."

என் மப்ளர் ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. அக்கா அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டார்.

பிறகு திரும்பி, பாலத்துக்கு அடியால் ஆற்றோரமாகவே கிழக்கே நடந்தோம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மணற்கரைக்கு இறங்கும் படிகள் வரும். அப்பாவின் சாம்பலைக் கரைத்தது அங்கேதான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. செருப்பு, சப்பாத்தோடு இறங்கக்கூடாது என்று இரண்டு பேரும் கழற்றி வைத்தோம். குளிர் எலும்புக்குள் போனது. அக்கா கொண்டுவந்த வெள்ளைச் செவ்வந்தியை ஒவ்வொன்றாக விட்டார். கடல் தண்ணீர் உள்ளே தள்ளும் நேரம் என்பதால், பூக்கள் நாங்கள் வந்த வழியே ஆஸ்பத்திரிப் பக்கம் மிதந்து போயின.

"பார், போகுது" என்றார் அக்கா. "ஒருத்தரும் மறிக்கேல்லை."

அப்போதுதான் அழுதார்.

படிக்காத என் புத்திக்குப் பட்டது ஒன்றுதான். பெரிய கட்டடங்களில் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் நடக்கும். அதற்குள் எங்கள் வீட்டில் ஒருவர் போய்விடுவார். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தபின், நடுவில் பல வருடம் அக்கா தடையில்லாமல் வந்திருக்கலாம், வரவில்லை. வர மனம் வந்தபோது இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு வெளியேறி, கதவு திரும்பவும் மாறியிருந்தது.

ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் கவனியுங்கள்: அடையாள அட்டையை மட்டும் நம்பி ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், பாஸ்போர்ட் வேண்டும். போனில் பயண அனுமதியும் எடுக்க வேண்டும். நாங்கள் எடுத்தபோது பதினாறு பவுண்ட். இறைச்சிக் கறி கட்டிக்கொண்டு வராதீர்கள், விடமாட்டார்கள். படையலுக்கானதை இங்கே வாங்கிச் சமையுங்கள். ஆற்றில் இறங்குபவர்கள் தண்ணீர் ஏறும் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள், கழற்றியதை மேல்படியில் வையுங்கள்.

நான் என் சப்பாத்தைக் கீழ்ப்படியில் வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஒன்றுதான் இருந்தது. மற்றது பூக்களுக்குப் பின்னால், பாராளுமன்றப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வாட்டர்லூவில் ஏறி வீடுவரை ஒற்றைச் சப்பாத்தோடு வந்தேன். ரயிலில் ஒருவரும் பார்க்கவில்லை. போனது இடதுகால், கறுப்பு, எட்டாம் சைஸ்.