அர்மிந்தாவுக்குப் பாடம் கிடைக்காத பாஸ்கா

எனக்குச் சிறுநீரகக் கல் வந்து நான் கட்டிலில் உருண்டுகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அர்மிந்தா ஒரு சட்டி கீரை சூப்போடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"சில்வினோ, கல்லறைக் கல்லையே புரட்டிப் போட்டவரு, உன் கல்லைப் புரட்ட மாட்டாரா? இதுல உனக்கு ஒரு பாடம் இருக்கு, யோசிச்சுப் பாரு" என்றாள்.

நான் யோசிக்கும் நிலையில் இல்லை. வெளியே போ என்று சொல்லவும் மூச்சு வரவில்லை. அவள் பாடத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கல் மறுநாள் தானாகவே வெளியேறியது. அதையும் அவள் தன் பாடத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

அர்மிந்தா என்னோடு பள்ளியில் படித்தவள். எங்கள் பங்குக் கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவள். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் போதவில்லை. யார் வீட்டில் பால் திரிந்தாலும் அதில் ஆண்டவர் என்ன சொல்ல வருகிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் மாட்டாள். போர்ச்சுகல் கால்பந்தில் தோற்ற இரவு, ஊரே வாயை மூடிக்கொண்டு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தது. அவள் உள்ளே வந்து தாழ்ச்சியைப் பற்றிப் பேசினாள். கடைக்காரன் விளக்கை அணைத்துவிட்டான்.

நான் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டது. பழுது பார்க்கப் பிராகா நகரத்திலிருந்து ஆள் வரவேண்டும். அர்மிந்தா முன் இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி நின்று, இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் எப்படிக் காத்திருந்தார்கள் என்று ஆரம்பித்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. இருந்தாலும் பாதிப் பேர் இறங்கி நடந்தே போய்விட்டார்கள்.

அவளைப் பற்றி நியாயமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கஷ்டத்துக்கு மட்டும் பாடம் சொல்லித் தப்பித்துக்கொள்கிற ஆள் இல்லை அவள். இளம் வயதில் பெரிய வெள்ளி ஊர்வலத்தில், சிலுவை சுமந்த ஆண்டவரின் முகத்தைத் துடைத்த வெரோணிக்காவாக நின்று, துணியை விரித்துப் பாட வேண்டும் என்று அவளுக்கு உயிர் ஆசை. ஒவ்வொரு வருடமும் போய்ப் பாடிக் காட்டினாள். ஒவ்வொரு வருடமும் வேறு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் குரலை நான் கேட்டிருக்கிறேன். தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் அவள், "ஆண்டவர் முகத்தைத் துடைக்க நல்ல துணி போதும், நல்ல குரல் எதுக்கு?" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தத் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் காலர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கம்பெனியை ஒரு காலையில் மூடியபோது, வாசலில் அழுதுகொண்டு நின்ற பெண்களுக்கு அவள் பாடம் சொன்னாள். அவர்கள் அவளைத் திட்டினார்கள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் வீட்டு அடுப்பில் பெரிய சட்டிதான் ஏறியது. திட்டியவர்கள் வீட்டுக்கும் சூப் போனது. எனக்கு அவள் பாடம் பிடிக்காது. சூப் பிடிக்கும். ஒன்றை விட்டு ஒன்றை அவள் தரமாட்டாள்.

அவள் புருஷன் ஃபிர்மினோ. திராட்சைத் தோட்டக்காரர். எனக்கு மூத்தவர், அதனால் அண்ணன். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர்களுக்கு ஒரே பையன், டெல்ஃபிம். அவனுக்கு ரத்தத்தில் வியாதி வந்தது.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறன்று எங்கள் ஊரில் மணியடித்துக்கொண்டு சிலுவையை வீடு வீடாகக் கொண்டுவருவார்கள், வீட்டில் எல்லாரும் அதை முத்தமிடுவோம். அந்த வருடம் சிலுவை அவர்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் முன்னறையில் இருந்தேன். பையனால் நிற்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி சிலுவையை இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊரே கருவாடு தின்னுட்டு முத்தம் குடுத்திருக்கு, மாமா" என்றான். எல்லாரும் சிரித்தோம். திராட்சை அறுவடைக்கு முன்பே அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அர்மிந்தா எழுந்து நின்றாள்.

"தோட்டத்துல எது நல்ல பூவோ, அதைத்தான் ஆண்டவர் முதல்ல பறிப்பாரு" என்றாள்.

ஃபிர்மினோ ரொட்டியைக் கீழே வைத்தார். "மொட்டுல வெட்டுறவன் தோட்டக்காரனே இல்ல" என்றார். எழுந்து ஒயின் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் கோவிலுக்கு வருவார், பூசை காண்பார், பின் வரிசையில் நிற்பார். ஆனால் பாஸ்கா அன்று சிலுவை மணி சத்தம் கேட்டதும் கொட்டகைக்குள் போய், ஏற்கெனவே கழுவிய பீப்பாயை மறுபடி கழுவுவார். அர்மிந்தா தனியாக வாசலில் பூப் பரப்பி, தனியாகச் சிலுவையை வரவேற்று, முத்தமிட்டு, வந்தவர்களுக்கு ஒயினும் முட்டை கேக்கும் கொடுத்து அனுப்புவாள். கொட்டகையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எதற்கும் பாடம் வைத்திருந்த அவள், அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இந்த வருடம் பாஸ்காவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய நாள், அவள் கோவில் படியைக் கழுவும்போது வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு. இதிலும் ஏதோ பாடம் இருந்தது. நான் காது கொடுக்கவில்லை. அவள் கவலை வேறு. குனிந்து பூப் பரப்ப முடியாது. எங்கள் பக்கம் வாசலில் பூவும் தழையும் இருந்தால்தான் சிலுவைக்கு முன்னால் வருகிற மணிக்காரன் நிற்பான். பூ இல்லாத வீட்டை அவன் தட்டவும் மாட்டான். அழைக்காத வீட்டுக்குள் ஆண்டவரை நுழைப்பது மரியாதையில்லை.

"நான் வந்து போட்டுத் தரேன்" என்றேன்.

"வேணாம். இவரு போடுறேன்னு சொல்லிட்டாரு" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிலுவை வர்றப்ப கூட நிக்கிறேன்னும் சொல்லிட்டாரு. நான் கேக்கவே இல்ல, சில்வினோ. அவரா சொன்னாரு" என்றாள். பாடம் எதுவும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாஸ்கா காலையில் ஃபிர்மினோ கூடையோடு போய்க் கமெலியாப் பூக்களையும் ரோஸ்மேரியையும் சோம்புத் தழையையும் வெட்டிக்கொண்டு வந்ததை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு போட்டிருந்தார். பொத்தான் பூட்டவில்லை, வயிறு இடம் கொடுக்கவில்லை.

பத்து மணி வாக்கில் வெடிச் சத்தம் கேட்டது. சிலுவை எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. மணி கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, நேராக என் வீட்டுக்குள் நுழைந்தது. அவர்கள் வீடு என் வீட்டுக்கு முந்தைய வீடு. அங்கே நிற்கவேயில்லை.

சிவப்பு அங்கி போட்ட நாலு பேர். சாமியார் பொறுப்பில் ஆறு பங்குக் கோவில்கள். எல்லா வீட்டுக்கும் அவரால் வரமுடியாது. அதனால் சிலுவையைத் தூக்கி வருவது அடெலினோ. எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரன். முறை தவறாத ஆள்; இருமல் மருந்தைக்கூட அளவுக்கு மேல் ஒரு சொட்டு கொடுக்கமாட்டான். "ஆண்டவர் உயிர்த்துவிட்டார், அல்லேலூயா" என்று சிலுவையை நீட்டினான்.

முத்தமிட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"பூ இல்லையேண்ணே. படி வெறுமையா இருக்கு, கதவும் சாத்தியிருக்கு."

"காலையில கூடை நிறையப் பூ வெட்டிட்டுப் போனாரே."

"என் கண்ணுக்கு ஒரு இதழ்கூடத் தெரியல. அவரு மனசு உங்களுக்குத் தெரியாததா? அர்மிந்தாக்காவைப் பாத்தாத்தான் பாவமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அர்மிந்தா அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் வெள்ளை விரிப்பு போட்ட மேசை பக்கத்தில், மாவுக்கட்டை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, மணி தன் வாசலைத் தாண்டிப் போனதைக் கேட்டிருப்பாள். கூட நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு இப்படி ஏமாற்றுவதா? சிலுவைக்காரர்களைக் கேக்கோடு உட்காரவைத்துவிட்டு, ஃபிர்மினோவை நாலு கேள்வி கேட்கலாம் என்று கொல்லைப்பக்கமாகப் போனேன்.

அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கோழிகள் நடுவே, கோட்டு டையோடு. சமையலறைப் படியிலிருந்து கிணறு வரை பூ விரித்திருந்தார். அப்படி ஒரு விரிப்பை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. ஓரத்தில் சோம்புத் தழை, நடுவில் சிவப்புக் கமெலியா, ஒரு பூவும் கசங்கவில்லை. கோழி கிட்டே வரும்போதெல்லாம் தொப்பியை வீசித் துரத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்கயா போட்டீங்க?"

"ம்."

"சிலுவை முன்வாசல் வழியாத்தானே வரும். நாமதான் இந்தப் பக்கமா வந்து போவோம். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "முதல்ல அங்கதான் போனேன். போடலாம்னு குனிஞ்சேன். அந்தப் படியில தானேடா அவனைத் தூக்கிட்டுப் போனோம். என் கை போகல. வர்றவரு இந்தப் பக்கமா வரட்டும்னு இங்க போட்டுட்டேன். மணிச் சத்தம் கேட்டா கூப்பிடலாம்னுதான் நின்னேன். கேட்டுச்சு. ஆனா வாய் வரல."

சமையலறைக்குள் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அர்மிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பூவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். ஆண்டவரே, இப்போது வேண்டாம் என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

"அன்னைக்கு அந்தப் பூக்கதைய நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"ஆமா" என்றார் ஃபிர்மினோ.

"எதையாவது சொல்லலேன்னா அங்கயே விழுந்திருப்பேன். அதான் சொன்னேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு அது தெரியல" என்றார்.

நான் என் வீட்டுக்கு ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று நான் மட்டும்தான் சொல்வேன். அடெலினோ இரண்டாவது கேக் துண்டில் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"பின்வாசல் வழியா பாஸ்கா சிலுவை போனதே கிடையாதுண்ணே" என்றான். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கு எல்லாரும் கொல்லைப்பக்கம் கூப்பிடுவாங்க."

"டேய், சீடர்கள் உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தப்பவே நடுவுல வந்து நின்னவருடா அவரு. உயிர்த்த அன்னைக்கே அவர் முறை பாக்கல. கோழி மேயுற கொல்லைக்கு வரமாட்டாரா?"

அடெலினோ வாயிலிருந்த கேக்கை விழுங்கினான். "நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களாண்ணே" என்றான். ஆனால் எழுந்தான்.

கிணற்றைச் சுற்றி வந்தார்கள். அடெலினோவின் அங்கி திராட்சைக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மணிக்காரன் அடித்த மணிக்குக் கோழிகள் சிதறி ஓடின, சேவல் மட்டும் பூ விரிப்பின் நடுவில் நின்று அவர்களை முறைத்தது. சமையலறையில் வெங்காயச் சரங்களுக்குக் கீழே, அடெலினோ முறைப்படி, "ஆண்டவர் உயிர்த்துவிட்டார், அல்லேலூயா" என்று சொல்லித் தீர்த்தம் தெளித்தான். கொஞ்சம் சூப் சட்டியிலும் விழுந்தது.

வீட்டுத் தலைவன் சிலுவையை வாங்கி மற்றவர்களுக்கு நீட்டுவது வழக்கம். ஃபிர்மினோ வாங்கினார். அர்மிந்தாவுக்கு நீட்டினார், அவள் முத்தமிட்டாள். எனக்கு நீட்டினார், அன்றைக்கு எனக்கு அது இரண்டாவது முறை, ஆனாலும் முத்தமிட்டேன். பிறகு அவர் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உதட்டருகே கொண்டுபோகவில்லை.

"என் பையன் நாற்காலியில உக்காந்து உன்னைப் பிடிச்சான்" என்றார் சிலுவையிடம், பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுவதுபோல. "சிரிச்சான். நீயும் அங்கதான் இருந்த."

அவர் குனிந்து சிலுவையின் பாதத்தில் முத்தமிட்டார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. அர்மிந்தா அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. முதல்முறையாக, அவள் ஏதாவது சொல்லமாட்டாளா என்று எனக்கு இருந்தது.

கீழ்த்தெருவில் அடுத்த வெடி போட்டார்கள். அடெலினோ தொண்டையைச் செருமிக் கையை நீட்டினான். "அண்ணே, இன்னும் வீடுங்க இருக்கு."

ஃபிர்மினோ சிலுவையைக் கொடுக்கவில்லை. "வாசல் வரைக்கும் நானே தூக்கிட்டு வரேன்" என்றார்.

கொல்லைக் கதவுதான் அவருக்கு முன்னால் திறந்து கிடந்தது. அவர் மறுபக்கம் திரும்பினார். சமையலறையைத் தாண்டி, வெள்ளை விரிப்பு மேசையைத் தாண்டி, முன்னறை வழியாக நடந்தார். அர்மிந்தா ஊன்றுகோலோடு பின்னால் போனாள், நாங்களும் போனோம். முன்கதவு போன பாஸ்காவுக்குப் பிறகு திறக்காததால் இறுகியிருந்தது. அவர் சிலுவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தோளால் ஒரு இடி இடித்தார். கதவு திறந்தது. பூ இல்லாத அந்தப் படியில் காலை வைத்து, சிலுவையோடு இறங்கினார்.