"எறங்குறேன்" என்றார் வீராயி

போடிமெட்டில் பொதிமாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். கீழிருந்து ஏறிவந்த மாட்டுக்காரர் சொன்னார்: "அண்ணே, சிலமலை வீராயி ஆத்தா போயிருச்சு. நேத்துப் பொழுது சாயத்தான் எடுத்தாக." என் பின்னால் வந்த ஆட்கள், யாரும் சொல்லாமலே தலைச்சுமைகளை இறக்கிவைத்தார்கள்.

அவரோடு மலையேறிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணிகளில் அவர் ஒருவர்தான் பெண். அன்று "பொம்பளைக் கங்காணி" என்று சிரித்தவர்கள் இன்று "பாவம், சாதுவான மனுசி" என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். சாதுவாக இருந்தவர்தான், அப்படியே இருக்க மறுத்தவர்.

அவர் கணவர் எனக்குக் கூட்டாளி, என்னைப் போலவே கங்காணி. மலைக்காய்ச்சலில் இறந்தார். கருமாதி முடிந்ததும் ஆட்கள் வீராயியின் வாசலில் வந்து நின்றார்கள். "நீ கூட்டிட்டுப் போ ஆத்தா" என்றார்கள்.

"நாலு பேரு முன்னால நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். வேற ஆளப் பாருங்கப்பா" என்றார்.

கூட்டத்தில் இருந்த ஒருத்தி விடவில்லை. "யாரை எந்தச் சோலிக்கு விடணும்னு ஒம் புருசன் ஒங்கிட்டக் கேட்டுத்தானே சொன்னாரு? இனிமே நீயே சொல்லு."

சரியென்று கிளம்பியவர், முதல் வருடம் தலை நிமிராமலே நடந்தார். தோட்டத்து மேனேசர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். "அந்தம்மாகிட்டச் சொல்லு" என்று, அதே தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த என்னிடம் சொல்வார். பக்கத்தில் நிற்கும் வீராயி தலையை ஆட்டுவார். "என்னால இவுகளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லண்ணே. இந்தப் பறிப்போட விட்டுர்றேன்" என்று என்னிடம் சொன்னதும் உண்டு.

மறு வருடம் ஏலக்காய் பறிப்பு மும்முரத்தில் அடைமழை பிடித்தது. கூரை ஒழுகும் குடிசைகளில் காய்ச்சல் பரவியது. செல்லம்மா என்ற பெண் நினைவு தப்பிக் கிடந்தாள். பறிப்பு முடியாமல் ஒருவரும் மலை இறங்கக்கூடாது என்று மேனேசர் உத்தரவு போட்டார். விடிந்ததும் வீராயி என்னிடம் வந்தார். "நீங்க பேசுங்கண்ணே. எனக்கு வராது."

"நான் நேத்தே பேசிப் பாத்துட்டேன் தாயி. கேக்கல" என்றேன்.

மழையோடே மேனேசர் பங்களாவுக்கு நடந்தார். நானும் உடன் போனேன். அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் பேசினார். "ஏலக்கா வர்ற வருசமும் காய்க்கும். இந்தப் புள்ள செத்தா நீங்க கொண்டாந்து தருவீகளா?"

மேனேசர் அன்றுதான் அவரை நேராகப் பார்த்தார். "இறங்கினால் இந்தத் தோட்டத்தில் உனக்கு இனி வேலை கிடையாது."

"எறங்குறேன்" என்றார் வீராயி.

கம்பளியை மூங்கிலில் தூளி கட்டி, செல்லம்மாவைச் சுமந்து இறங்கினோம். வழுக்கும் பாதையில் எந்தக் காலை எங்கே வைப்பது என்று முன்னால் நின்று சத்தம் போட்டவர் வீராயி. அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது அவருக்கே தெரியாது. என் ஆட்களும் கூடவே இறங்கினார்கள். செல்லம்மா பிழைத்தாள், இன்று ராசிங்காபுரத்தில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறாள்.

அடுத்த பருவத்தில் எங்களுக்கு வேலை இல்லை. சோளக்காட்டில் களையெடுத்தோம். வீராயியின் ஆட்களை வேறு கங்காணிகள் கூப்பிட்டும் ஒருவரும் போகவில்லை. மேனேசர் அமர்த்திய புது ஆட்கள் பிஞ்சும் பழமும் பாராமல் உருவிப்போட்டார்கள். கடைசியில் வீராயியைக் கூப்பிடச் சிலமலைக்கு ஆள் வந்தது.

வீராயி உடனே கிளம்பிவிடவில்லை. பங்களாவுக்குப் போய், "மொதல்ல கூரை வேயுங்க. காய்ச்சக்காரங்களக் கீழ அனுப்ப டோலியும் ஆளும் ஒங்க பொறுப்பு. அப்பறந்தான் நாங்க ஏறுவோம்" என்றார். மேனேசர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

திரும்பி இறங்கும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, இந்தச் சோலி எனக்குப் பிடிச்சுப்போச்சு. இனி யாரு புடுங்குனாலும் விடமாட்டேன்." சாகும்வரை விடவில்லை.

போன தையில் அவரிடம் கேட்டேன்: "பயம் எப்பத் தாயி போச்சு?"

"எங்க போச்சு? அது பாட்டுக்குக் கூடத்தான் வருது. நான் நிக்கிறதில்ல."

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தப் பேச்சைத்தான். நாளை ஒரு புதுத் தோட்டத்துக்காரரிடம், ஒழுகும் குடிசைக்கு ஆள் தரமாட்டேன் என்று சொல்லப் போகிறேன். பயம் இப்போதே என்கூட வந்துவிட்டது. போகத்தான் போகிறேன்.