நாக்கடியில் ஐஸ்

வெப்பமானி 37.2 காட்டியது. நான் நம்பவில்லை. அக்காவின் மடியில் கிண்ணம் நிறைய ஐஸ் கட்டிகள். கீமோ தந்த வாய்ப்புண்ணுக்கு அதுதான் இதம். ஆனால் கழுத்தைத் தொட்டால் சுட்டது. 38ஐத் தொட்டால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார்.

சிறுவயதில், கிளமெண்டி வீட்டில் அப்பா கண்ணாடி வெப்பமானியை உதறி உதறி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பள்ளி விளையாட்டு விழா அன்று காலை, அவர் வருவதற்குள் காய்ச்சலில் கிடந்த அக்காவின் நாக்கடியில் ஐஸ் வைத்தது நான்தான். "யார்கிட்டயும் சொல்லாதடி" என்றாள். அப்பா பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல, போயிட்டு வா" என்றார். ஓட்டப் பந்தயத்தின் நடுவில் அவள் மயங்கி விழுந்தாள். நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

கிண்ணத்தைப் பிடுங்கினேன். "கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்."

"வேணாம்லா. திரும்ப வார்டுல போட்டுருவாங்க."

கால் மணி நேரம் கழித்து மறுபடி அவள் நாக்கடியில் வைத்தேன். கருவி பீப் என்றது. 38.6.

"யார்கிட்டயும் சொல்லாதடி."

நான் டாக்சிக்குச் சொல்லிப் பத்து நிமிடமாகியிருந்தது.