கண்டக்குழியில் நான் இடித்த சுவர்

இலங்கைக் கடலோரக் கண்டக்குழியில் உச்சி வெயிலிலும் யாரும் கதவைச் சாத்துவதில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலிருந்து வந்த எனக்கு முதலில் அது சோம்பேறித்தனமாகவே பட்டது. நம் ஊரில் பத்து மணிக்கே கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். அனல்காற்று நுழைந்தால் வீடு அடுப்பாகிவிடும். இங்கே மீன்பிடிக்காரரின் ஓலை வீடுகளில் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளைக்கார ஆட்சியின் கடைசிக் காலம். கொப்பரா முதலாளி ஒருவருக்குச் சரக்கு வைக்கும் கிட்டங்கி கட்ட வந்த கொத்தனார் நான். ஒழுங்கான வீடு எப்படி இருக்கும் என்று இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று மார்தட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்று கட்டினேன்.

ஒன்றரை முழத் தடிமனில் சுவர். முறத்தளவில் இரண்டு சன்னல், அதுவும் கடல் இல்லாத பக்கம். பக்கத்து வீட்டு மாகிரேத் அக்கா வந்து சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, காத்து எந்தப் பக்கத்தால வரும்?"

"வராதுக்கா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"ஓம் ஓம், அப்ப இது சாமான் வைக்கிற அறை. வீட்டை எப்ப கட்டப் போறீங்க?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மனைவி ஞானம் நான்கு மாதக் கைக்குழந்தையோடு கப்பலேறி வந்து சேர்ந்தாள். ஒரே வாரத்தில் பிள்ளையின் கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. புழுக்கத்தில் பால் குடிக்காமல் துவண்டு போனாள். நான் ஊர்ப் பழக்கத்தில் சன்னலை இன்னும் இறுக்கிச் சாத்தினேன். அங்கே வெயில் வறண்டது, தடித்த சுவர் அதைத் தடுத்துவிடும். இங்கே காற்றே ஈரம், வேர்வை காயக் காற்றோட்டம் வேண்டும். அது என் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் வீடு காலி. மாகிரேத் அக்காவின் ஓலை வீட்டில் ஞானம் உட்கார்ந்திருக்க, பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சுவத்த இடிங்க, வாரேன். இல்லன்னா எங்கள ஊருக்குக் கப்பலேத்தி விடுங்க."

பயந்துபோனேன். மறுநாளே கடல் பக்கச் சுவரையும் எதிர்ச் சுவரையும் ஆள் அகலத்துக்கு இடித்து, மழைக்கு மட்டும் இறக்கிவிட ஓலைத் தட்டி கட்டினேன். கடலிலிருந்து வந்த கச்சான் காற்று வீட்டின் குறுக்கே ஓடியது. பிள்ளை அசந்து தூங்கினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன்.

ஆறு வருடம் கழித்து ஊருக்குப் போனோம். அண்ணன் வீட்டில் நடுப்பகலில் மூச்சு முட்டியது. கை தானாகப் போய்ச் சன்னலைத் திறந்தது. அனல் முகத்தில் அடித்தது.

"டேய், சாத்துடா! வெக்க உள்ள வருது. கொத்தனாருக்கு இதுகூடவா மறந்துபோச்சு?" என்று அண்ணன் கத்தினார்.

சாத்தப் போனேன். மகள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாமப்பா. சாத்தினா காத்து எப்படி வரும்?"

அவரவர் வளர்ந்த ஊருக்கு இருவர் சொன்னதும் சரிதான். பாதி சாத்திய சன்னலைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.