வேலுச்சாமி வரப்புல நின்ன மத்தியானம்

நீங்க நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரிங்க. பேய் பிசாசுன்னு எவனாச்சும் சொன்னா சிரிச்சவன் நானு. சுடுகாட்டு வழியா ஒத்தையில சைக்கிள்ல எத்தனையோ தடவ வந்திருக்கறன், ஒண்ணும் கண்டதில்லீங்க. ஆனா எழுபதுகள்ல ஒரு சித்திரை மாசம் நடந்தது இன்னிக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க.

நமக்குப் பாலக்காட்டு எல்லையில, கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்துல தோட்டம். என்ற தம்பி வேலுச்சாமி நல்ல வெல்டருங்க. கோயமுத்தூர்ல தொழில் கத்துக்கிட்டு, வடக்க ஒரு அணுமின் நிலையத்துக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனான். கரண்டு தயாரிக்கற எடம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அன்னிக்கு உச்சி வெயிலு. கடலைக்காட்டுக்குத் தண்ணி உட்டுப்போட்டு, மோட்டார் ரூமு முன்னால வாய்க்காலுக்குள்ள நின்னு மூஞ்சி கழுவிட்டு நிமுர்றன், எதுக்க வரப்புல வேலுச்சாமி நிக்கறானுங்க. கழுத்துல இருந்து கால் வரைக்கும் வெள்ளையா ஒரே உடுப்பு, தண்ணி சொட்டுது. எனக்குச் சந்தோசம். "ஏண்டா, ஒரு கடுதாசி கூடப் போடாம வந்திருக்கற?"ன்னன்.

"கிட்ட வராதீங்கண்ணா. என்ற மேல பட்டிருச்சு."

"என்னடா பட்டுச்சு?"

"பைப்பு ஜாயிண்டுல மூணு நாளாக் கசிஞ்சுதுங்கண்ணா. உலைய நிறுத்திப்போட்டுச் சரி பண்ணோணும்னு சொன்னன். நிறுத்துனா மேல பதில் சொல்ல முடியாதுன்னு, சரி பண்ணியாச்சுன்னு சூப்பர்வைசருங்க நோட்டுல எழுதிட்டாங்க. இன்னிக்குப் புடுங்கிக்கிச்சு, உலைக்குள்ள ஓடற கதிர்வீச்சுத் தண்ணி கொதிக்கக் கொதிக்க மேல அடிச்சிருச்சு. பழிய என்ற மேல போடுவாங்க. நான் சொன்னன்னு நீங்களாச்சும் தெரிஞ்சுக்கோங்க."

அவன் மூஞ்சி கொதிதண்ணி பட்டாப்பல செவந்து கெடந்துச்சு. கண்ணுல வேர்வை எறங்குது, தொடச்சுட்டுப் பாக்கறன், ஆளக் காணமுங்க. அத்தன சொட்டுச்சே, வரப்புல பொட்டு ஈரமில்ல. அப்பிடியே நேரா, பின்னால திரும்பிக்கூடப் பாக்காம, ஊட்டுக்கு ஓடுனவன்தான். "வெயிலு தலைக்கேறிருச்சு, மோர் குடிங்க"ன்னா என்ற சம்சாரம்.

நாலு நாள் கழிச்சுத் தந்தி வந்துச்சு, வேலைல விபத்து, வேலுச்சாமி ஆசுபத்திரியில இருக்கறான்னு.

ஆறு மாசம் கழிச்சு வந்தானுங்க. பாதி ஆளா, தலைல முடியில்லாம. அவன் வெல்டிங் சரியில்லாமத்தான் ஜாயிண்டு போச்சுன்னு எழுதி வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. சோத்துக்கு உக்காந்தப்ப, அன்னிக்கு அவன் பேசுனத ஒரு வார்த்தை மாறாம சொன்னன். அவன் சோத்துத் தட்டத் தள்ளி வெச்சான்.

"அண்ணா, அந்நேரத்துக்கு என்னைக் குளிக்கற ரூமுல நிறுத்தி, மேல பட்டது போகட்டும்னு தோலு உரியத் தேச்சுக் கழுவிட்டிருந்தாங்க. நான் செவுத்தப் பாத்து உங்ககிட்டத்தான் பேசிட்டிருந்தன். இதே பேச்சு. யாருகிட்டயும் சொல்லலீங்கண்ணா."

அவன் தப்பில்லைன்னு தெரிஞ்ச வெளியாளு நான் ஒருத்தன். ஆனா எந்தக் கோர்ட்டுல போயி இதச் சொல்றதுங்க?

அப்பறம் அந்தக் குடும்பம் எந்திரிக்கவே இல்ல. அவன் பொண்டாட்டிக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சுது. அவனுக்குப் பல்லுல ரத்தம், வாரத்துக்கொரு காய்ச்சல். மூணாவது வருசம் ரத்தத்துல புத்துநோய்ன்னாங்க. அந்தத் தண்ணியாலதான்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்கல.

அவன் உசுரு போறதுக்கு ஒரு வாரம் முன்னால, பாலக்காட்டு ஆசுபத்திரியில நான் பக்கத்துல உக்காந்திருக்கறன். மெதுவாக் கேக்கறான், "ஏனுங்கண்ணா, அன்னிக்கு நீங்க திரும்பிப் பாக்கவே இல்லியே?"

"எதைடா?"

"என்ற கூட உள்ள வந்த, பைப்பு மாட்டற பிட்டருங்கண்ணா, அம்பது வயசு ஆளு. நீராவி அடிச்சு அங்கயே செத்துப் போய்ட்டாரு. அவரும் எங்கூட நம்ம தோட்டத்துக்கு வந்தாரு. உங்க முதுகுக்குப் பின்னால, மோட்டார் ரூமு வாசல்ல நின்னு, ரெண்டு கையும் நீட்டித் தண்ணி கேட்டாரு. நீங்க குடுப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தன்."

வாய்க்காலுக்கும் அந்த வாசலுக்கும் ஒரு எட்டுதானுங்க. முழங்கால் தண்ணிக்குள்ள நின்னுட்டிருந்தன் நானு.